இலக்கத்தட்டுத் தொலைபேசி

பழைய கந்தோர் ஒன்றின் பண்டகசாலையிலோ, பழம்பொருள் விற்கும் கடையின் மூலையிலோ, தூசி படிந்து கிடக்கும் கறுப்புநிறத் தொலைபேசி ஒன்று எப்போதாவது கண்ணிற் படுவதுண்டு. அதன் முகத்திலே பத்துத் துளைகளோடு கூடிய வட்டத் தட்டொன்று இருக்கும். துளையில் விரலை இட்டுச் சுழற்றினால், தட்டு வலப்புறமாகச் சென்று தடையில் முட்டி நிற்கும். விரலை எடுத்ததும் 'கிர்' என்ற ஓசையுடன் தன் பழைய நிலைக்குத் திரும்பும். இதனையே இலக்கத்தட்டு என்றும், பேச்சு வழக்கில் டயல் என்றும் கூறினர்.

இத்தகைய கருவி ஒன்றைக் கண்டெடுப்போருட் பலர் அதனைத் துடைத்து மேசைமேல் அலங்காரமாக வைப்பதோடு மனநிறைவு அடைவர். வேறு சிலரோ அதனை மீண்டும் பேசச் செய்ய விரும்புவர். இவ்விரண்டாம் வகையினர் விரைவிலேயே ஓர் உண்மையை எதிர்கொள்வர். தொலைபேசிக் கருவி தனித்து நின்று தொழிற்படும் பொறியன்று. அது பெரியதொரு பொறியின் ஒரு பாதியே. மற்றப் பாதி, நகரின் நடுவே, பொதுமக்கள் கண்ணிற் படாத கட்டடமொன்றில், தொலைபேசி நிலையம் என்ற பெயரோடு இரவு பகலாக இயங்கியது. ஒரு பாதியின் ஒவ்வோர் உறுப்பும் மற்றப் பாதியின் தேவையை ஒட்டியே அமைந்தது. ஆகவே, பழைய தொலைபேசியைச் செப்பனிட விரும்புபவர், இவ்விரு பாதிகளும் எவ்வாறு ஒன்றுக்கொன்று பொருந்தின என்ற வரலாற்றையும் அறிந்திருத்தல் வேண்டும்.

அலெக்சாந்தர் கிரகாம் பெல் என்பார் 1876ஆம் ஆண்டு மார்ச் மாதம் 7ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய கருவி ஓரிடத்தை மற்றோரிடத்தோடு மட்டுமே இணைத்தது. பத்துப் பேர் தம்முள் ஒருவரோடொருவர் பேச விரும்பினால், ஒவ்வோர் இணைக்கும் தனிக்கம்பி வேண்டும்; அதாவது 45 கம்பிகள் வேண்டும். நூறு பேருக்கோ 4,950 கம்பிகள் வேண்டும். எல்லாக் கம்பிகளையும் ஓரிடத்திற் கொண்டுவந்து சேர்த்து, வேண்டிய இரண்டை வேண்டிய நேரத்தில் இணைத்துவிடுவதே இச்சிக்கலுக்குரிய வழி. அவ்வகையில் அமைந்த முதலாவது வணிகத் தொலைபேசி நிலையம், 1878ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள், கனெற்றிக்கட் மாநிலத்து நியூ ஹேவன் நகரில் 21 சந்தாதாரரோடு திறக்கப்பட்டது. அடுத்த மாதத்தில் அந்நிலையம் வெளியிட்ட விவரக்கொத்து ஒற்றைத்தாளில் அடங்கிற்று. அதில் ஐம்பது பெயர்கள் இருந்தன; இலக்கங்கள் ஒன்றேனும் இல்லை. பேச விரும்பியவர், இன்னாருடன் பேசவேண்டும் என்று பெயரைச் சொல்ல, நிலையத்தில் இருந்தவர் கம்பிகளை இணைத்தார்.

தொடக்கத்தில் இவ்வேலைக்குத் தந்தி நிலையங்களிற் பழகிய சிறுவர்களையே அமர்த்தினர். அவர்களுடைய துடுக்குப் பேச்சும் பொறுமையின்மையும் சந்தாதாரரைச் சினங்கொள்ளச் செய்தன. 1878ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாந் திகதி, பொஸ்ரன் நகரில் எம்மா நட் என்ற பெண்மணி பணியில் அமர்ந்தார். உலகின் முதலாவது பெண் தொலைபேசி இயக்குநர் அவரே. சில ஆண்டுகளுள் இத்தொழில் பெரும்பாலும் பெண்களுடையதாயிற்று.

பெயருக்குப் பதிலாக இலக்கம் தோன்றியமைக்கும் ஒரு கதையுண்டு. 1879ஆம் ஆண்டளவில் மசசூசெற்ஸ் மாநிலத்து லோவெல் நகரிலே சின்னமுத்து நோய் பரவியது. அவ்வூர் நிலையத்தில் இயக்குநர் நால்வரே இருந்தனர். எந்தப் பெயருக்கு எந்தத் துளை என்பது அவர்களுடைய நினைவில் மட்டுமே இருந்தது. நால்வரும் ஒருங்கே நோயுற்றாற் புதியவர்களால் நிலையத்தை நடத்தமுடியாது என்று அஞ்சிய மருத்துவர் மோசஸ் பாக்கர், சந்தாதாரர் ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் கொடுத்துவிடலாம் என்று யோசனை கூறினார். மனிதரின் பெயரை நீக்கி இலக்கத்தை இடுவதா என்று சிலர் மனவருத்தம் கொள்ளக்கூடும் என்ற தயக்கம் இருந்தபோதும், அவ்வழக்கம் நிலைபெற்றது. பெயரைப் புரிந்துகொள்ள மனிதர் வேண்டும். இலக்கத்தை எண்ணப் பொறியே போதும். பின்னர் வந்த இலக்கத்தட்டுக்கு வழிதிறந்தது இம்மாற்றமே.

அவ்வழியில் முன்வந்தவர் பொறியியலாளர் அல்லர். கன்சாஸ் மாநிலத்து தொப்பீக்கா நகரிலும், பின்னர் மிசூரி மாநிலத்து கன்சாஸ் நகரிலும், ஈமச் சடங்குகளை ஒழுங்கு செய்து கொடுக்குந் தொழிலை நடத்திய அல்மன் பிரௌன் ஸ்ட்ரோஜர் என்பாரே அவர். தமக்கு வரவேண்டிய அழைப்புகளை நிலையத்தில் இருந்த இயக்குநர் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகிறார் என்ற ஐயம் அவரை வாட்டியது என்றும், அவ்வியக்குநர் அப்போட்டியாளரின் மனைவியே என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதையின் பிற்பகுதி எவ்வாறாயினும், இடையில் நிற்கும் மனிதரை நீக்கிவிட்டு, அழைப்பவர் தாமே இணைப்பை ஏற்படுத்தும் வழியொன்றைக் காண அவர் முற்பட்டமை உண்மை. கழுத்துப்பட்டி வைக்கும் வட்டப் பெட்டியொன்றிற் குண்டூசிகளைக் குத்தித் தமது முதல் மாதிரியை அவர் அமைத்தார் என்பர். 1889ஆம் ஆண்டில் விண்ணப்பித்து, 1891ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் காப்புரிமை பெற்றார். 1892ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் இந்தியானா மாநிலத்து லா போர்ட் நகரில், ஏறக்குறைய 75 சந்தாதாரரோடு, மனிதர் கைபடாது இணைப்புத் தரும் முதலாவது பொது நிலையம் திறக்கப்பட்டது.

லா போர்ட் நகரத்தார் பயன்படுத்திய கருவியில் வட்டத் தட்டு இருக்கவில்லை. பத்துகளுக்கு ஒரு விசை, ஒன்றுகளுக்கு ஒரு விசை எனத் தனித்தனி விசைகள் இருந்தன. 57ஆம் இலக்கத்தை அழைக்க விரும்பியவர், முதலாம் விசையை ஐந்து முறையும் அடுத்த விசையை ஏழு முறையும் அழுத்தவேண்டும். எண்ணிக்கை ஒன்று தவறினால் வேறொருவர் வீட்டில் மணி ஒலிக்கும். அன்றியும், ஒவ்வொரு வீட்டிற்கும் பல கம்பிகள் இழுக்க வேண்டியிருந்தது. எண்ணும் பொறுப்பை மனிதரின் கையிலிருந்து எடுத்துக் கருவியிடமே ஒப்படைத்தாலன்றி இம்முறை பரவமுடியாது.

அப்பொறுப்பை ஏற்றுக்கொண்டதே இலக்கத்தட்டு. ஸ்ட்ரோஜரின் நிறுவனத்திற் பணிபுரிந்த அலெக்சாந்தர் கீத் என்பாரும், எரிக்சன் சகோதரர் இருவரும் அதனை உருவாக்கினர். 1896ஆம் ஆண்டில் மில்வாக்கி நகர மண்டபத்தில் அது முதன்முறையாகப் பயன்பட்டது. 1898ஆம் ஆண்டில் காப்புரிமை கிடைத்தது. அந்த முதல் தட்டில் விரலிடுந் துளைகளுக்குப் பதிலாகப் புறத்தே நீட்டிய சிறு பற்களே இருந்தன. துளைகள் பின்னரே வந்தன.

இலக்கத்தட்டு தொழிற்படும் முறை எளிமையானது. விரலாற் சுழற்றும்போது உள்ளே இருக்கும் சுருள்வில் முறுக்கேறுகின்றது, அவ்வளவே. உண்மையான வேலை, விரலை எடுத்தபின், தட்டு திரும்பி வரும்போதே நடைபெறுகின்றது. நிலையத்திலிருந்து வீட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டத்தை, தட்டின் பின்னால் உள்ள சிறு தொடுகை திறந்து திறந்து மூடுகின்றது. 7 என்ற இலக்கத்துக்கு ஏழு முறை மின்னோட்டம் அறுகின்றது. 3 என்பதற்கு மூன்று முறை. 0 என்பதற்குப் பத்து முறை. இவ்வாறு அறுபட்டு வரும் மின்னோட்டத் துடிப்புகளையே நிலையம் எண்ணிக்கொள்கின்றது. விநாடிக்குப் பத்துத் துடிப்புகள் என்பது பொது விதி. பிரித்தானிய வழக்கில், ஒவ்வொரு துடிப்பிலும் மூன்றில் இரண்டு பங்கு நேரம் மின்னோட்டம் அறுந்தும் ஒரு பங்கு நேரம் தொடர்ந்தும் இருத்தல் வேண்டும்.

இவ்வேகம் மாறாதிருக்கும் பொருட்டு, தட்டின் உள்ளே வேகங்காக்கும் உறுப்பொன்று அமைந்துளது. தட்டு விரைவாகத் திரும்ப முற்பட்டால், அவ்வுறுப்பிலுள்ள சிறு எடைகள் புறம்நோக்கி விரிந்து, தம்மைச் சூழ்ந்த கிண்ணத்தில் உராய்ந்து, வேகத்தைத் தணிக்கும். 'கிர்' என்ற அந்த ஓசை இப்பொறியமைப்பின் ஓசையே. மருத்துவரைப் பதற்றத்தோடு அழைத்தவருக்கும், நண்பரை ஓய்வாக அழைத்தவருக்கும், தட்டு ஒரே வேகத்திலேயே திரும்பியது.

மறுபாதியாகிய நிலையத்திலே இத்துடிப்புகளுக்காகக் காத்திருந்தது ஸ்ட்ரோஜர் தெரிபொறி. பத்து மாடிகளும், மாடி ஒவ்வொன்றிலும் பத்துக் கதவுகளும் கொண்ட கட்டடமொன்றை மனத்திற் கொண்டால் இதனை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். முதல் இலக்கத்தின் துடிப்பு ஒவ்வொன்றுக்கும் பொறியின் கை ஒவ்வொரு மாடியாக ஏறும். அடுத்த இலக்கத்தின் துடிப்பு ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கதவாக நகரும். 57 என்று சுழற்றினால் ஐந்தாம் மாடி ஏறி, ஏழாங் கதவில் நிற்கும். இவ்வாறு ஒரு பொறி நூறு பேருள் ஒருவரைத் தெரிந்துகொள்ளும். பல பொறிகளைத் தொடராக அமைத்தால் ஆயிரம், பதினாயிரம் என்று விரிந்து செல்லும். வீட்டில் ஒருவருடைய விரல் அசைய, தொலைவிலுள்ள கட்டடத்தில் இரும்புக் கையொன்று அவ்விரலின் ஏவலுக்கு ஏற்ப ஏறி நகர்ந்தது. இயக்குநர் வழியே கேட்டுப் பெற்ற இணைப்பு, சந்தாதாரரின் கைக்கே வந்துசேர்ந்தது.

ஆயினும், கண்டுபிடித்தவருக்கு அதனால் வந்த செல்வம் சிறிதே. ஸ்ட்ரோஜர் 1896ஆம் ஆண்டில் தம் காப்புரிமைகளை 1,800 டொலருக்கும், 1898ஆம் ஆண்டில் நிறுவனத்தில் தமக்கிருந்த பங்கை 10,000 டொலருக்கும் விற்றுவிட்டு, 1902ஆம் ஆண்டில் புளொரிடா மாநிலத்தில் காலமானார். அவருடைய பெயரைத் தாங்கிய பொறி அவருக்குப் பின்னரே உலகமெங்கும் பரவியது. இங்கிலாந்தின் முதலாவது தன்னியக்கப் பொது நிலையம் 1912ஆம் ஆண்டு மே மாதத்தில் சரே மாவட்டத்து எப்சம் நகரில் திறக்கப்பட்டது.

அமெரிக்காவின் மிகப் பெரிய தொலைபேசி நிறுவனமாகிய பெல் நிறுவனமோ நெடுங்காலம் தயங்கியது. இயக்குநர் பெண்ணின் இனிய குரலே தம் சேவையின் சிறப்பு என்று அது கருதிற்று. அத்தயக்கத்தை மாற்றிய காரணங்களுள் கூலியும் ஒன்று. முதலாம் உலகப் போருக்குப்பின் விலைவாசி உயர்ந்தது, ஊதியம் உயரவில்லை. 1919ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், நியூ இங்கிலாந்துப் பிரதேசத்தில் ஏறக்குறைய 8,000 இயக்குநர் பெண்கள், ஜூலியா ஓ'கொனர் என்பாரின் தலைமையில், வேலைநிறுத்தஞ் செய்தனர். ஒரு வாரத்துக்குள்ளேயே அவர்களுக்கு ஊதிய உயர்வு கிடைத்தது. அதே ஆண்டு நவம்பர் மாதத்தில், வெர்ஜீனியா மாநிலத்து நோர்பொக் நகரில், பெல் அமைப்பின் முதலாவது பெரிய இலக்கத்தட்டு நிலையம் திறக்கப்பட்டது. அதன்பின் வந்த இருபது ஆண்டுகளில் நகரத்துக்குப் பின் நகரமாக இயக்குநர் பலகைகள் அகற்றப்பட்டன. இளம்பெண்கள் பலருக்கு முதல் ஊதியத்தைத் தந்த தொழில் சுருங்கலாயிற்று.

சந்தாதாரர் எல்லோரும் இம்மாற்றத்தை மகிழ்ச்சியோடு வரவேற்றனர் என்று கூறமுடியாது. இதுகாறும் நிறுவனத்தின் ஊழியர் செய்த வேலையை இப்போது தாமே செய்யவேண்டியிருக்கிறதே என்று முணுமுணுத்தவர் பலர். 1930ஆம் ஆண்டில் அமெரிக்க மூதவையிலும் இம்முணுமுணுப்பு எழுந்தது. இலக்கத்தட்டுக் கருவிகளை மூதவையிலிருந்து அகற்றிவிட்டுப் பழைய கருவிகளையே வைத்தல் வேண்டும் என்று வெர்ஜீனியா மாநில உறுப்பினர் கார்ட்டர் கிளாஸ் தீர்மானம் கொண்டுவர, அஃது ஏற்றுக்கொள்ளப்பட்டது. பின்னர், வேண்டியவர் வேண்டிய கருவியை வைத்துக்கொள்ளலாம் என்ற சமரசம் ஏற்பட்டது.

இழந்தது வெறும் வசதி மட்டுமன்று. சிற்றூர் இயக்குநர், மருத்துவர் எவ்வீட்டுக்குச் சென்றிருக்கிறார் என்பதையும் அறிவார். தீப்பிடித்த செய்தியை ஊருக்கு அறிவிப்பவரும் அவரே. அமெரிக்காவின் மெயின் மாநிலத்து பிரயன்ற் பொன்ட் என்னும் சிற்றூரில், கைப்பிடியைச் சுழற்றி இயக்குநரை அழைக்கும் முறை 1983ஆம் ஆண்டுவரை நிலைத்திருந்தது. அதனை நீக்க முற்பட்டபோது ஊரவர் பலர் எதிர்த்தனர். தம்மை அறிந்த ஒருவரின் குரலை இழக்க அவர்கள் மனம் ஒப்பவில்லை.

மறுபுறத்தில், பொறியின் வழியே காப்பாற்றப்பட்ட உயிர்களும் உள. 1935ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இலண்டன் விம்போல் வீதியில் வீடொன்று தீப்பற்றியதிற் பெண்கள் ஐவர் உயிரிழந்தனர். அயலவர் ஒருவர் தொலைபேசியில் தீயணைப்புப் படையினரை அழைக்க முயன்றபோது, இயக்குநரின் மறுமொழிக்காக வரிசையிற் காத்திருக்க நேர்ந்தது. அத்துயரத்தின் பயனாக, 1937ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள், 999 என்ற அவசர இலக்கம் இலண்டனில் நடைமுறைக்கு வந்தது. 111 என்ற இலக்கம் விரைவாகச் சுழற்றக்கூடியதே. ஆனால், காற்றில் இரு கம்பிகள் உரசினாலும் ஒற்றைத் துடிப்புகள் தாமாக எழக்கூடும். 9 என்ற துளையோ, இருளிலும் புகையிலும், விரல் தடைக்கு அருகே தடவிப் பார்த்து எளிதிற் காணத்தக்கது. இலக்கத்தட்டின் அமைப்பே உயிர்காக்கும் இலக்கத்தைத் தீர்மானித்த வகைகளுள் ஒன்று இது. நியூசிலாந்துத் தட்டுகளில் இலக்கங்கள் எதிர் வரிசையில் அமைந்தமையால், அங்கு 1 என்று சுழற்றினால் ஒன்பது துடிப்புகள் செல்லும். ஆகவே 1958ஆம் ஆண்டில் அந்நாடு தன் அவசர இலக்கமாக 111ஐக் கொண்டது.

1947ஆம் ஆண்டில் அமெரிக்கர் தம் பிரதேச இலக்கங்களை வகுத்தபோதும் துடிப்புகளையே கணக்கிட்டனர். மிகுதியானோர் அழைக்கும் நியூ யோர்க் நகருக்கு 212 என்ற இலக்கம் கிடைத்தது. அதற்கு ஐந்து துடிப்புகளே போதும். பின்னர் அலாஸ்காவுக்குக் கிடைத்த 907 என்பதற்கோ இருபத்தாறு வேண்டும். இலக்கத்தட்டு மறைந்தபின்னும் இவ்விலக்கங்கள் மறையவில்லை.

இனி, கண்டெடுத்த கருவியைச் செப்பனிடும் முறையைக் கருதலாம். பிரித்தானிய அஞ்சற்றுறை 1937ஆம் ஆண்டளவில் அறிமுகஞ் செய்த 300ஆம் வகைக் கருவியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். நோர்வே நாட்டு ஓவியர் ஜீன் ஹைபெர்க், 1930ஆம் ஆண்டையடுத்து எரிக்சன் நிறுவனத்துக்காக வரைந்த வடிவத்தைத் தழுவியது அது. மணியும் மற்றெல்லா உறுப்புகளும் ஒரே கூட்டினுள் அடங்கியிருந்தமை அதன் சிறப்பு.

செப்பனிடுபவர் முதலிற் செய்யவேண்டியது கருவியைப் படித்தல். தட்டின் நடுவே சிறு வட்டக் கடதாசியில் எழுதப்பட்டிருக்கும் இலக்கம், அக்கருவி வாழ்ந்த வீட்டின் அல்லது கந்தோரின் அடையாளமாகும். கைபிடியின் உட்புறத்தில் வகை இலக்கமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருத்தல் உண்டு. இலக்கங்களோடு எழுத்துக்களும் தட்டைச் சுற்றிக் காணப்பட்டால், இலண்டன் போன்ற பெருநகரில் நிலையப் பெயரின் முதல் மூன்றெழுத்துக்களைச் சுழற்றிய காலத்தை அது நினைவூட்டும். வரிசை மாறிய இலக்கங்களைக் கண்டு பிழையென எண்ணி மாற்றிவிடலாகாது. முன்னர்க் கூறிய நியூசிலாந்தைப் போலவே சுவீடனும் வேறு வரிசையைக் கொண்டிருந்தது. அழுக்கான கடதாசியைக் கிழித்தெறிந்து புதியதொன்றை ஒட்டுதல், பழைய ஓலைச்சுவடியின் முதலேட்டை நீக்கிவிட்டு அட்டை போடுவதை ஒக்கும்.

அடுத்தது கூடு. பழைய கறுப்புக் கூடுகள் பெரும்பாலும் பேக்கலைட் எனப்படும் பிசின் பொருளால் ஆனவை. லியோ பேக்லண்ட் என்ற அறிஞர் 1907ஆம் ஆண்டிற் கண்டுபிடித்த இப்பொருளோடு வலிமைக்காக மரத்தூள் முதலிய நிரப்பிகள் கலக்கப்பட்டன. மேற்பரப்பில் மாத்திரம் மெல்லிய, பளபளப்பான பிசின் தோலொன்று இருக்கும். மங்கிய கூட்டை மணற்கடதாசியால் தேய்த்தால் அத்தோல் அகன்று, உள்ளிருக்கும் தூள் வெளிப்பட்டு, என்றும் நீங்காத மங்கல் ஏற்படும். சில பேக்கலைட் பொருள்களிற் கல்நாரும் நிரப்பியாகக் கலந்திருந்தமையால், தேய்ப்பதும் துளைப்பதும் உடல்நலத்துக்கும் கேடாகும். உள்ளுறுப்புகளை அகற்றியபின், மென்மையான சவர்க்கார நீரில் நனைத்துப் பிழிந்த துணியாற் கூட்டைத் துடைத்து, உலரவிட்டு, மென்மெழுகு பூசுதலே தக்கது. வெள்ளை, தந்த நிறக் கூடுகள் வேறு பிசின்களால் ஆனவை. அவை எளிதிற் கீறுபடும்.

பருத்தி நூலாற் பின்னிய பழைய வடத்தை நீரில் இடுதல் ஆகாது. அதன் உள்ளே இருப்பது தடித்த செம்புக்கம்பி அன்று. நூலொன்றின்மேற் சுற்றிய மெல்லிய உலோக நாடாவே. ஓயாது வளைந்தும் அறாதிருக்கும் பொருட்டு அவ்வாறு அமைத்தனர். நீர் பட்டால் நாடா அரிக்கப்படும். காலத்தால் உட்காப்பும் உதிர்ந்திருக்கும். அத்தகைய வடத்தைப் பாதுகாத்து வைத்துவிட்டு, புதிய வடத்தைப் பூட்டுவது பொருத்தமுடையது.

பேசும் வாய்ப்பகுதியில் கரித் துகள்கள் அடங்கிய சிறு பேழை உண்டு. குரலொலியின் அழுத்தத்துக்கேற்பத் துகள்கள் நெருங்கியும் விலகியும் மின்னோட்டத்தை மாற்றுகின்றன. பல்லாண்டு ஒரே நிலையில் கிடந்த கருவியில் இத்துகள்கள் இறுகிப்போகும். அப்போது குரல் மங்கிக் கேட்கும். கைபிடியை உள்ளங்கையில் மெல்லத் தட்டினால் துகள்கள் இளகுவதுண்டு.

இலக்கத்தட்டே செப்பனிடுதலின் உயிர்நிலை. பழைய எண்ணெய் தடித்துப் பிசினாகி இருப்பதனாலேயே பெரும்பாலான தட்டுகள் மெதுவாகத் திரும்புகின்றன. அதனைக் கரைத்து நீக்கியபின், சுழலச்சுகளில் ஊசிமுனையளவு மெல்லெண்ணெய் இட்டாற் போதும். வேகங்காக்கும் உறுப்பு உராயும் இடத்தில் எண்ணெய் படுமாயின், உராய்வு குன்றித் தட்டு அளவுக்கு மீறிய வேகத்தில் ஓடும். 0 என்று சுழற்றி விட்டால், தட்டு திரும்பிவரச் சிறிது மேலாக ஒரு விநாடி ஆதல் வேண்டும். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது. துடிப்புத் தொடுகையைத் தவிர வேறொரு தொடுகையும் தட்டில் உண்டு. தட்டு நகர்ந்திருக்கும் நேரமெல்லாம், துடிப்பொலி காதில் உறுத்தாதபடி கேட்பானை அது ஊமையாக்கும். அதனையும் தூய்மை செய்தல் மறக்கத் தக்கதன்று. மணியை ஒலிக்கச் செய்யும் மாறுமின்னோட்டம் எழுபத்தைந்து வோல்ற்று அளவினது. ஆகவே, இணைப்பில் உள்ள கருவியைத் திறந்து உள்ளே கையிடலாகாது.

இவ்வளவுஞ் செய்து முடித்தபின், தட்டு சீராகத் திரும்புகின்றது. துடிப்புகள் பிழையின்றி எழுகின்றன. ஆனால் அவற்றை எண்ணுவார் யார்? 1963ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், பென்சில்வேனியா மாநிலத்து இரு நகரங்களில், பொத்தானை அழுத்த இசைத்தொனி எழுப்பும் தொலைபேசி பொதுச் சேவைக்கு வந்தது. அன்று தொடங்கி இலக்கத்தட்டு மெல்ல மெல்லப் பின்வாங்கிற்று. பிரித்தானியாவின் கடைசி ஸ்ட்ரோஜர் பொது நிலையம், 1995ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஸ்கொட்லாந்தின் குரோபோர்ட் என்னும் சிற்றூரில் மூடப்பட்டது. இரும்புக் கைகள் பழைய இரும்பாகப் போயின. இன்றைய எண்மிய இணைப்புகள் பல, துடிப்புகளை அறியா. எனவே, செப்பனிட்ட கருவிக்கும் புதிய இணைப்புக்கும் இடையே, துடிப்பைத் தொனியாக மாற்றும் சிறு மின்னணுக் கருவியொன்றை வைக்க வேண்டியிருக்கின்றது. இயக்குநரை நீக்கிய இலக்கத்தட்டுக்கே இப்போது மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தேவைப்படுகிறார்.

இதனால் மனநிறைவு அடையாதோரும் உளர். அருங்காட்சியகங்கள் சிலவற்றில் ஸ்ட்ரோஜர் தெரிபொறிகளைச் செப்பனிட்டு இயங்கச் செய்துள்ளனர். சேகரிப்போர் சிலர், கழித்தெறிந்த தெரிபொறிகளை வாங்கித் தம் இல்லங்களிற் சிறு நிலையங்களை அமைத்து, வெவ்வேறு நாடுகளில் உள்ள அத்தகைய நிலையங்களை இணையத்தின் வழியே ஒன்றோடொன்று இணைத்துள்ளனர். அவ்வாறு இணைந்த கருவியில் ஒருவர் 5 என்று சுழற்றினால், மறுமுனையில் ஓர் இரும்புக் கை ஐந்து படி ஏறுவதை இன்றும் காணலாம். அதன் 'டக் டக்' என்ற ஓசையையும் கேட்கலாம். பிரிந்த இரு பாதிகள் அங்கே மீண்டும் ஒன்று சேர்கின்றன.

எல்லோருக்கும் அது கூடுவதன்று. ஆயினும், கண்டெடுத்த கருவியின் இலக்கக் கடதாசியைக் காத்து, கூட்டைத் தேய்க்காது துடைத்து, தட்டின் வேகத்தை அளந்து சரிசெய்பவர், தம் பங்குக்கு ஒரு பாதியை வருங்காலத்துக்கு ஒப்படைத்தவராவர். எம்மா நட் முதலிய பெண்களின் உழைப்பும், ஈமத்தொழிலாளர் ஒருவரின் ஐயமும், விம்போல் வீதித் துயரமும் அந்தச் சிறு தட்டின் சுழற்சியோடு பின்னிக் கிடக்கின்றன. தட்டு திரும்பும் அந்த ஒரு விநாடியிற் கேட்கும் ஓசையைப் பிழையின்றிக் காப்பதே செப்பனிடுபவரின் கடமையாகும்.